ஆயர் எங்கே நின்று பாடுவார்?

1
இந்தக் கதை ஒரு தொல்லையிலிருந்து பிறந்தது. இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்துச் சிற்றாலயத்தில், ஞாயிற்றுப் பூசையில் பிரசங்கம் தொடங்கியதும் பெண்கள் எழுந்து போய்விடுகிறார்கள். இப்படியே போனால் இனி வரமாட்டேன் என்றார் ஃபாதர். ஆலயத்தைக் கவனிக்கும் பவுலின், கதை எழுதும் என்னிடம் வந்தார்.

“சேர், பிரசங்கத்துக்குப் பதிலா வாசிக்க ஒரு கத எழுதிக் குடுங்க. பூச நின்னுச்சுன்னா தோட்டத்து நிர்வாகத்துல கோயில ஸ்டோராக்கிருவாங்க.”

2
ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன், ஆங்கிலோ-சாக்சன் இங்கிலாந்தில், வுல்ரிக் என்றோர் ஆயர், அதாவது பிஷப்… (பெயர் நான் வைத்தது. “வாயில நொழைய மாட்டேங்குதே” என்றார் பவுலின். வெறும் ஆயர் என்றே விட்டேன்.)

அவருடைய சனமும் பிரசங்கத்துக்கு முன்பே கிளம்பிவிடும். ஆயர் கோபத்தில் கதவைச் சாத்தி…

இல்லை. ஆயர் பாலத்தில் நின்று அவர்கள் மொழியில் பாடினார். ஏன் பாலம்? ஆற்றைக் கடக்க வேறு வழியில்லை. வீடு திரும்புகிற எல்லோரும் அதில் நெருக்கியடித்துத்தான் போகவேண்டும். கூட்டம் நின்றதும் பாட்டுக்கு நடுவே வேதத்தைச் செருகினார்.

3
அடுத்த ஞாயிற்றுப் பூசையில் பவுலின் வாசித்தார். பாதியில், கொழுந்து பறிக்கிற கேத்ரின் எழுந்தாள்.

“எங்கடி போற? ஆயரு பாடுறாருல்ல?” என்றார் பவுலின்.

“பாடட்டுங்க்கா. இன்னிக்குக் கைக்காசு. நல்ல நிரையெல்லாம் போயிரும். ஆயரு வந்து எனக்குக் கொழுந்து எடுப்பாரா?”

(கைக்காசு: ஞாயிறன்று பறித்த கொழுந்துக்கு அன்றே கூலி. முந்திப் போகிறவளுக்குத் தழைத்த நிரை, அதாவது செடிவரிசை. பிந்துகிறவளுக்கு மொட்டைச் செடி.)

பாலமும் பாட்டும் எனக்குப் பிடித்துப்போய், ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டேன். ஆயரின் சனம் வீட்டுக்குப் போனது. இவர்கள் வேலைக்கு ஓடுகிறார்கள். ஓடுகிறவள் எந்தப் பாட்டுக்கும் நிற்கமாட்டாள்.

4
முடிவு ஒன்று: கேத்ரின் மனம் மாறித் திரும்பி வருகிறாள். (பொய். அன்றைக்கு அவள் வீட்டில் எதை வைத்துச் சமைப்பது?)

முடிவு இரண்டு: ஃபாதர் மலையேறி நிரை நிரையாக…

நிறுத்திவிட்டு, மதியம் மடுவத்துக்குப் போனேன். கொழுந்து நிறுக்கும் கொட்டகை அது. அதே பெண்கள் தராசுக்கு முன்னால், பைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

“என்னா சேர், ஆயர இங்கயும் கூட்டிட்டு வந்துட்டீங்களா?” என்றாள் கேத்ரின்.

“வந்தா கேப்பீங்களா?”

“வேற எங்க போறது? நிறுக்கிற வரைக்கும் நிக்கத்தானே வேணும்.”

கேட்டபின் பூசைக்கு ஆள் கூடுமா என்பதை எழுதமாட்டேன். அதை நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். பவுலினிடம் இதைச் சொன்னேன்; அவர் போய்க் கேட்டார், ஃபாதர் சம்மதித்தார். பூசை காலையில் ஆலயத்தில்; பிரசங்கம் மதியம், மடுவத்து வரிசையில்.