மேற்படி குரங்குகள்

1

ஒரு மொழிபெயர்ப்பு நாவலில் வந்த வரிதான் இந்தக் கதைக்கு விதை. ஐரோப்பாக் கண்டம் முழுவதிலும் காட்டுக் குரங்குகள் வாழ்வது தென்கோடியில், ஜிப்ரால்டர் பாறையில் மட்டும்தானாம். கடலும் மூடுபனியுமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பாறையின் உச்சியிலிருந்து கிழட்டுக் குரங்கு கப்பல்களைப் பார்த்தபடி

(விட்டுவிட்டேன். நான் கடலைப் பார்த்ததே இரண்டு தடவை. எங்கள் இராஜபாளையத்துத் தெருக் குரங்குகள் பார்த்ததெல்லாம் மூடாத தண்ணீர்த் தொட்டியும் காயப்போட்ட வத்தலும்தான்.)

2

இனி 'நான்' வேண்டாம். அஃப்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுப் பக்கம், ஜெராக்ஸ் கடையில் மனு டைப் செய்கிறவன். போன வருஷம் குரங்குத் தொல்லை தாங்காமல் அவன் குடியிருக்கும் இராஜபாளையத்துத் தெருக்காரர்கள் கேட்டபோது அவன்தான் மனு எழுதினான். 'மேற்படி குரங்குகளை அவற்றின் இயற்கை வாழிடத்துக்கு அனுப்பிவைக்குமாறு' என்ற வரியில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

முதல் கையெழுத்து வேலுத்தாயுடையது. பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிறவள். தெருக்கடைசியில் ஓடையோரம் குடியிருக்கிறவள். அவள் வீட்டு ஓடுகளைத்தான் குரங்குகள் பிரித்துப் போட்டிருந்தன.

கூண்டு வந்தது. குரங்குகள் மலைக்குப் போயின.

(தாயைப் பிடித்துக்கொண்டு குட்டியை விட்டுப்போன காட்சி ஒன்று எழுதி, அடித்துவிட்டேன். அதற்கு அழுது தீர்த்துவிட்டு மூன்றாம் பகுதியைச் சும்மா தாண்டிப் போவீர்கள்.)

3

இந்த வருஷம் தெருவுக்கு இன்னொரு மனு வேண்டியிருந்தது. கார் திருப்ப இடமில்லை. ஓடைப் புறம்போக்கில் இருக்கும் வேலுத்தாய் வீட்டை அகற்ற வேண்டும்.

அஃப்சல் மறுத்தான் என்று எழுதிப் பார்த்தேன். அந்த ஆளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அன்று கடையில் கூட்டம். பழைய மனுவைத் திறந்து, விவரங்களை மாற்றிக் கொடுத்தான். 'மேற்படி குரங்குகளை' என்பதை மாற்ற மறந்துபோனான்.

தெருவே கையெழுத்துப் போட்டது. அலுவலகத்தில் முத்திரையும் விழுந்தது. நோட்டீசோடு வந்த மனு நகலை முழுசாகப் படித்தவள் வேலுத்தாய் ஒருத்திதான்.

கடைக்கு வந்து தாளை மேசைமேல் வைத்தாள்.

"ஏலே அஃப்சலு, என்னயும் கூண்டு வச்சா பிடிப்பிய? உள்ள என்ன வைப்பிய, வாழப்பழமா, கடலையா?"

"கை தவறிருச்சுக்கா."

"எதுல தவறுச்சு? குரங்குன்னு போட்டதுலயா, என்னய எழுதுனதுலயா?"

அவன் கீபோர்டைத் துடைத்தான்.

"போன மனுவுல எங் கையெழுத்துக்குக் கீழதாம்லே அவிய அம்புட்டுப் பேரும் போட்டாக. சரி, விடு. இருக்க விடுங்கன்னு எனக்கு ஒண்ணு எழுது. திங்கக்கிழம இடிக்க வாராகளாம்."

4

முடிவு அ: அவள் மனு ஏற்கப்படுகிறது. (எழுதும்போதே பொய் வாடை.)

முடிவு ஆ: இடித்த இடத்துக்குக் குரங்குகள் திரும்பி வருகின்றன. (நாவல் படிக்கிறவர்களுக்குப் பிடிக்கும். வேலுத்தாய்க்கு ஓர் ஓடுகூட மிஞ்சாது.)

நடந்தது இவ்வளவுதான்: அஃப்சல் டைப் செய்தான். 'நிரந்தர முகவரி' வந்ததும் கை நின்றது.

"இதுல என்னக்கா போட?"

"முப்பது வருஷமா அங்கனயே கெடக்கேன். என்னயக் கேக்க? கையெழுத்துப் போட்டவியளப் போய்க் கேளு."

அஃப்சலாக இல்லை, நானாகவே உங்களைக் கேட்கிறேன். இன்று சனிக்கிழமை. வேலுத்தாய் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள்.

நிரந்தர முகவரி: ........................