மாதேவியின் மறுமொழி

விடியும்வரை பெய்து ஓய்ந்த ஆனிச் சாரலில் குளித்தெழுந்த சாமுண்டி மலை, தோளில் வழிந்த முகிலைத் துவட்டாத கூந்தலெனப் படரவிட்டு நிற்க, குக்கரள்ளி ஏரியில் கூழைக்கடாக்கள் பை போன்ற அலகுகளை நீரில் ஆழ்த்தி மீன் முகக்க, ஞாயிற்றுக்கிழமைச் சோம்பலோடு மைசூர் மாநகர் கண்விழித்துக்கொண்டிருந்த முற்பகல் அது. ஏரிக்கு அணித்தான தெருவொன்றின் மாடியறையில், திங்கள்தோறும் புதிய நூலொன்றை எடுத்தாயும் தமிழ் வாசகர் வட்டம் கூடியிருந்தது. ஆய்வதற்கு என்றேன், கற்றறிந்தீர். புகழ்வதற்கு என்பதே உண்மை.

அன்றைய நூல், சென்னையிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருந்த எழுத்தாளர் சுலோசனாவின் புதினம். ஊர்விட்டு ஊர் வந்து செங்கல் சுமக்கும் ஒருத்தி, பக்கந்தோறும் துன்புற்று, இறுதிப் பக்கத்தில் சாரம் சரிந்து மாய்வதே அதன் கதை. பேசியவரெல்லாம் கண் துடைத்தனர், தேனொழுகப் புகழ்ந்தனர். அடுத்து எழுந்தாள் மாதேவி. கர்நாடக எல்லையோரத்து ராமாபுரத்தை விட்டு இந்நகர் வந்து செங்கல் சுமக்கும் நஞ்சம்மாவின் மகள். தன் குடியில் முதன்முதல் பட்டம் பெற்றவள். வீட்டில் தமிழ் பேசி, கன்னடப் பள்ளியிற் பயின்று, தமிழெழுத்தைத் தானே கற்று, அந்நூலை எழுத்தெழுத்தாய்ப் படித்து முடித்தவள், தன் மறுமொழியை மட்டும் கைக்குப் பழகிய கன்னட எழுத்தில் எழுதி வந்திருந்தாள். வட்டத்தின் தலைவர் சேகரன் அத்தாளை எட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

“இது கன்னடமம்மா. இங்கே தமிழில் எழுதியதைத்தான் படிக்கலாம்.”

“எழுத்துத்தானுங்க கன்னடம், பேச்சு தமிழுங்க. காதுல கேட்டுப்போட்டு வேண்டாம்னு சொல்லுங்க.”

“முதலில் எழுதப் பழகிக்கொண்டு வா.”

பின்வரிசையில் சிலர் நகைத்தனர். அமர்ந்துவிட்டால், நெஞ்சில் மூண்ட சொல்லெல்லாம் அவளோடே அவிந்துபோகும். அழுதவர் தீர்ப்பே தீர்ப்பாக நிலைத்துவிடும். அவள் அமரவில்லை. தாளை விரித்தாள்.

“அம்மா, உங்க கதையில அவ ஒருக்காகூடச் சிரிக்கலைங்க. யாரையும் வையலைங்க. எங்கம்மா விடிஞ்சதும் மேஸ்திரிய வையும். மத்தியானம் அதே மேஸ்திரிக்குக் களியில பாதியக் குடுத்துட்டு அவன் மீசையப் பார்த்துச் சிரிக்கும். அப்படி ஒருத்திய உங்க நூல் முச்சூடும் தேடினேன். நாங்க அழுகோணும்னு அவளைக் கொன்னுபோட்டீங்க.”

சுலோசனா நிமிர்ந்தார். “அங்கே சாவு நேர்வதில்லையா?”

“நேருதுங்க. எங்க பக்கத்து வீட்டுக் காவேரியக்கா சாரத்துல இருந்து விழுந்துதான் செத்துச்சு. அது அடிச்ச கூத்தையெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதோமுங்க. உங்க கதையில சாவு இருக்குது, உசுரைக் காணோமே!”

தன் நூலின் இறுதிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்த சுலோசனா, எழுந்து நின்றார்.

“மேஸ்திரியோடு அவள் போட்ட சண்டையொன்றை எழுதியிருந்தேன். துயரம் கலைந்துவிடுமென்று நானே அடித்துவிட்டேன். அடித்திருக்கக் கூடாது. ஐயா, இந்த மறுமொழி ஒரு சொல் குறையாமல் உங்கள் ஆண்டு மலரில் வரவேண்டும்.”

கரவொலி கூரையை முட்டியது. சேகரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, பேனாவைத் திறந்தார்.

“சொல்லம்மா. நான் தமிழில் எழுதிக்கொள்கிறேன்.”

“வேகமாச் சொன்னா எழுதீருவீங்களா ஐயா?”

“என்னை வையாமல் சொல், போதும்.”

அறிவுடையீர், கண்ணீரால் நனைத்துப் புகழ்ந்து மூடிவைக்கும் நூல் அலமாரியில் துயில்கிறது. சட்டையைப் பற்றி உலுக்கிக் கேட்கும் ஒருத்தி வாய்த்த நூலோ, மீண்டும் எழுதப்படுகிறது. தலைவர் எழுத, எழுத்தாளர் செவிசாய்க்க, அந்த மாடியறையில் ஓங்கி நின்றது நஞ்சம்மா மகளின் குரல்.