பூசணித் திருடன்

தவசிக்கு ஊர்ப்பட்ட வாய். நையாண்டியில் அவனை மிஞ்சக் கமுதி வட்டாரத்திலேயே ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்டவன் முப்பத்தைந்து வயசில் ஒரு அறை வாங்கத் தெரியாமல் பத்து நாளாகத் திண்டாடினான் என்றால் யாராவது நம்புவார்களா?

சுதந்திரம் வந்து ஒன்பது வருசம் ஆகியிருந்தது. அந்தத் தடவை முளைக்கொட்டுத் திருவிழாவுக்கு வெளியூர் நாடக செட்டைக் கூப்பிடாமல் ஊர்க்காரர்களே நாடகம் போடுவதென்று முடிவாகி, கீழக்கரையிலிருந்து முஹைதீன் வாத்தியார் வந்து பழக்கிக்கொண்டிருந்தார். தவசிதான் பபூன், பூசணிக்காய் திருடுகிறவன். அவனைப் பிடித்து அறைகிற அரண்மனைச் சேவகனாக நடித்தவன், தவசியின் பெண்டாட்டி பாண்டியம்மாளின் அண்ணன் செல்லச்சாமி.

வித்தை ரொம்பச் சின்னது. சேவகன் "எடுத்தியா?" என்று மூன்று தடவை கேட்பான். பபூன் மூன்று தடவையும் "நானா?" என்று பல்லைக் காட்டுவான். மூன்றாவதற்குக் கை ஓங்கி வரும். கன்னத்துக்கு நாலு விரற்கடை தள்ளிக் காற்றில் போகும். அந்த நொடியில் பபூன் இடுப்போரமாகத் தன் கையைத் தானே தட்டிச் சத்தம் கொடுத்து, தலையை வெடுக்கென்று திருப்பி விழ வேண்டும். கை வரும்வரை அந்த இளிப்பு மாறவே கூடாது. முன்கூட்டியே கண்ணை மூடினால் பார்க்கிறவனுக்குச் சிரிப்பு வராது, பரிதாபம்தான் வரும் என்று வாத்தியார் தலைபாடாக அடித்துக்கொண்டார்.

தவசி மூடினான். ஒவ்வொரு தடவையும் மூடினான். வேறு யார் ஓங்கினாலும் அசையாமல் நிற்கிறவன், செல்லச்சாமியின் கை தோளுக்கு மேலே போனதும் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டான். உப்பளத்தில் காய்த்த கையல்லவா, பயம் இருக்காதா என்று மற்றவர்கள் கேலி பேசினார்கள்.

காரணம் அதுவல்ல. நாலு வருசத்துக்கு முன்னால் மழை பொய்த்து, செல்லச்சாமி வாலிநோக்கம் உப்பளத்துக்கு வேலைக்குப் போயிருந்த சமயம், இரண்டு பேர் புஞ்சைக்கும் நடுவிலிருந்த எல்லைக்கல்லைப் பிடுங்கி மச்சான் பக்கம் இரண்டு முழம் தள்ளி நட்டுவிட்டான் தவசி. இரண்டு வரிசை மிளகாய்ச் செடிக்கு ஆசைப்பட்ட புத்தி, வேறென்ன? யாருக்கும் தெரியாது என்றுதான் இருந்தான். ஆனால் இப்போது அந்தக் கை ஓங்கும்போதெல்லாம், தெரிந்துதான் ஓங்குகிறானோ என்று தோன்றியது. சோறு இறங்கவில்லை. ஏர் பூட்டப் போனவன் பாதி உழவில் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றான். மாடு திரும்பிப் பார்த்தது.

பத்தாம் நாள், மத்தியானம் ஒத்திகை பார்க்க வருவதாக ஊர்ப் பெரியவர்கள் சொல்லி அனுப்பினார்கள். இன்றைக்கும் சிரிப்பு வராவிட்டால் மதுரையிலிருந்து வேறு பபூனைக் கூட்டிவந்துவிடுவோம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். ஊரையே ஒரு நாள் மேடையேறிச் சிரிக்க வைக்க வேண்டுமென்பது தவசிக்குச் சின்ன வயசிலிருந்தே உள்ள வெறி. அது கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போய்விடும் போலிருந்தது.

ஒத்திகைக்காக மூட்டைகளை ஒதுக்கிவைத்திருந்த பருத்திக் கிட்டங்கியில் ஆட்கள் கூடிவிட்டார்கள். தவசி பூசணிக்காயை வேட்டிக்குள் திணித்துக்கொண்டு நடந்த நடைக்கே பாதிப் பேர் சிரித்தார்கள். சேவகன் வந்தான். எடுத்தியா என்றான். நானா என்றான் தவசி. மறுபடியும் கேட்டான், மறுபடியும் பல்லைக் காட்டினான். மூன்றாவது கேள்வி வந்தது. கை மேலே போனது. தவசிக்கு இனி ஒரு நொடி தாங்காது என்று ஆகிவிட்டது.

இளித்த வாய் இளித்தபடி, செல்லச்சாமிக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"நான்தான் மச்சான். புஞ்சைக் கல்ல நான்தான் தள்ளி நட்டேன்."

கை அந்தரத்தில் நின்றது. தவசி கண்ணை மூடவில்லை. நிஜமாகவே விழட்டும், பல்லு போனாலும் போகட்டும் என்று கன்னத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றான்.

"தெரியும் மாப்ள" என்றான் செல்லச்சாமி, உதடு அசையாமல். "உப்பளத்துலருந்து வந்த அன்னைக்கே பாத்தேன். ஒழுங்கா நில்லு."

நாலு வருசம்! தெரிந்துகொண்டா இத்தனை நாளும் தவசியின் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போனான்? தெரிந்துகொண்டா பத்து நாளும் மேலே படாமல் கையை வீசினான்? தவசி திகைத்து நிற்கும்போதே கை வந்தது; முகத்தைத் தொடாமல் கடந்து போனது. தவசி கை தட்ட மறந்துவிட்டான். சத்தமே இல்லை. கொஞ்சம் பொறுத்துப் பூசணிக்காயோடு பொத்தென்று உட்கார்ந்து, அப்படியே மல்லாந்தான்.

கிட்டங்கி அதிர்ந்தது. பெரியவர்கள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். மதுரை ஆளெல்லாம் வேண்டாம், இவனே போதும் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். தவசி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அதற்கும் சிரித்தார்கள்.

செல்லச்சாமி குனிந்து அவன் கக்கத்தில் கை கொடுத்தான்.

"ஒரு அடி அடிச்சிருக்கலாம்ல மச்சான்" என்றான் தவசி.

"அடிச்சா நீ நிம்மதியாப் போயிருவியே" என்று சொல்லி, அவனைத் தூக்கி நிறுத்தினான் செல்லச்சாமி.