பதினான்கு வரை

...பதின்மூன்றா, பதினான்கா, பதினான்குதான், அதில் என்ன சந்தேகம், அவளே எண்ணியதுதானே, இருபது எண்ணும் வரை தண்ணீருக்கடியில் இருக்க வேண்டிய தம்பி பதினான்கிலேயே வட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மேலே வந்துவிட்டான், அரையிறுதி ஆட்டம் கையை விட்டுப் போயிற்று, அந்த ஆட்டத்தைப் போய் இன்றைக்கு எதற்குத் திறந்தார் குழுவுக்கு வீடியோ போடுகிற இந்த டிரைவர், அத்தனை பெரிய பஸ்ஸைச் சந்துக்குள் திருப்புகிற மனிதருக்குக் கம்ப்யூட்டரில் ஒரு வீடியோவைத் தேதி பார்த்துத் திறக்கத் தெரியாதா, போன வாரம் ஆடியதைப் போடுங்கள் என்றால் போன வருஷம் ஆடியதைப் போட்டுவிட்டு, சுவரில் நீலமாக ஓட ஆரம்பித்ததும் அவரே முகம் செத்துப்போய், தப்பாயிடுச்சு அக்கா, மாத்திடறேன் என்று மௌஸைத் தேடுகிறார். வேண்டாம், ஓடட்டும் என்றது யார், அவளா, அவள் குரல்தான், எப்போது வாயைத் திறந்தாள்... ஒன்பது பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒரே சமயத்தில் கிறீச்சிட்டன, எல்லோரும் ஜாடையாக இரண்டாவது நாற்காலியைப் பார்த்தார்கள், அங்கே தம்பி மனைவி மடியில் துண்டை வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள், அவள் மட்டும்தான் யாரையும் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள், சுவரில் அவள் புருஷன் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தான்.

தவளை என்றுதான் குழுவில் அவனுக்குப் பெயர், தண்ணீரைக் கண்டால் அப்படிப் பாய்வான், ஏழு வயதில் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு நீச்சல் குளத்துக்கு வந்தவன் பிறகு அக்காவையே இந்த ஆட்டத்துக்கு இழுத்து வந்தான், தண்ணிக்கடியில ஹாக்கியாம், கேட்டவங்க சிரிக்கறாங்க, வா நாமும் போய்ச் சிரிப்போம் என்று. சிரிப்பாகத்தான் இருந்தது முதலில், குளத்தின் அடித்தரையில் கனமான ஒரு வட்டு, கையில் சாண் நீள மட்டை, காலில் துடுப்பு, வாயில் காற்றுக்குழாய், மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே போய்த் தள்ள வேண்டும், மூச்சு முடிந்தால் மேலே வர வேண்டும், பேச முடியாது, கூப்பிட முடியாது. அதனால்தான் ஜோடி, ஒருவர் கீழே வட்டோடு, ஒருவர் மேலே முகத்தைத் தண்ணீரில் கவிழ்த்து மிதந்தபடி, கீழே இருப்பவர் வரப்போகிறார் என்று தெரிந்ததும் மேலே இருப்பவர் இறங்கிவிட வேண்டும், வந்த பிறகு இறங்கினால் வட்டு போய்விடும். அக்காவும் தம்பியும் ஒரு ஜோடி, ஒன்பது வருஷம். பலசாலிகள் நிறைந்த குழுக்களிடம் தோற்றுத் தோற்றுச் சலித்துப்போய், சரி, உடம்பால் முடியாததை மூளையால் செய்வோம் என்று பயிற்சியை அவள் கையில் எடுத்தாள், அவள் வேலையே அதுதானே, லிஃப்ட் பழுது பார்க்கிறவள், லிஃப்ட் நின்றுபோனால் கட்டடத்தில் இருக்கிற அத்தனை பேரும் மோட்டார் போச்சு, மோட்டார் போச்சு என்பார்கள், போய்ப் பார்த்தால் கதவு ஓடுகிற பள்ளத்தில் யாருடைய சட்டைப் பொத்தானோ கிடக்கும். முதலில் தோன்றுகிற காரணத்தை நம்பாதே, அதையேதான் இவர்களுக்கும் சொன்னாள், ஆட்டம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு தாள், அதில் மூன்று கட்டம், பார்த்தது, நினைத்தது, செய்தது, எழுதி முடித்ததும் வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஒரே கேள்வி, வேற என்ன காரணம் இருக்கலாம்? மூன்றே மாதத்தில் ஜெயிக்க ஆரம்பித்தார்கள், அவளுக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று, இல்லை என்றால் பொய்.

அந்தத் தாள் இப்போது அவள் பையில் இருக்கிறது. எட்டு மாதமாக இருக்கிறது. அரையிறுதிக்குப் பிறகு அவன் எழுதிய தாள், அதுதான் கடைசி, அதற்கு மூன்றாம் வாரம் காலையில் மாடிப்படி ஏறும்போது கையில் ரொட்டிப் பொட்டலத்தோடு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை, இதயம் என்றார் டாக்டர், ரொம்ப நாளாவே மூச்சு வாங்கியிருக்குமே, வீட்டுல யாரும் கவனிக்கலையா என்று கேட்டார், கேட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு தம்பி மனைவி கேட்டாள், அக்கா, அவர் கையெழுத்து வேற எதுலயும் இல்ல, எல்லாம் போன்லதான், அந்தத் தாள் உங்ககிட்ட இருந்தா குடுங்களேன். தேடிப் பார்க்கிறேன் என்றாள் இவள். எதைத் தேட, பையைத் திறந்தால் முதலில் கையில் படுவதே அதுதான். நினைத்தது என்ற கட்டத்தில் அவன் எழுதியிருந்தது இரண்டே சொல், மூச்சு பத்தல. அதன் பக்கத்தில் சிவப்பு மையில், பெரிதாக, அவள் கையெழுத்து, இது காரணம் இல்லை, சாக்கு. அத்தோடு விட்டாளா, எல்லோர் முன்னாலும் உரக்க வேறு வாசித்தாள், அன்றைக்குக் காய்ச்சல் என்று அவன் மனைவி வரவில்லை, அதுவரை புண்ணியம். அவன் சிரித்தான் பாவி, சரிக்கா, அடுத்த ஆட்டத்துக்குள்ள செவுள் வளத்துக்கறேன் என்று சொல்லிச் சிரித்தான், எல்லோரும் சிரித்தார்கள். எப்படிக் கொடுப்பாள் அதை... கிழித்துப் போடவும் கை வரவில்லை, கிழித்தால் அவன் எழுத்தும் போய்விடுமே, சிவப்பை மட்டும் கிழிக்க முடியுமா என்ன.

சுவரில் அவன் வட்டைத் தள்ளிக்கொண்டு ஓரமாக வருகிறான், எதிராளி ஒருவன் இடிக்கிறான், சமாளிக்கிறான், ஏழு, எட்டு, உதடு தானாக எண்ணுகிறது, நிறுத்து என்றால் நிற்கிறதா, பதினொன்று, பன்னிரண்டு, இதோ இப்போது விடுவான்... விட்டுவிட்டான். டிரைவர் பழக்க தோஷத்தில் படத்தை நிறுத்திவிட்டார், நிறுத்தினால் யாராவது பேச வேண்டும், அதுதான் பயிற்சி. பல் டாக்டர்தான் கையைத் தூக்கினாள், சேர்ந்து இரண்டு மாதமே ஆன பெண், அவளுக்கு இவனைத் தெரியாது, மற்றவர்கள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் தெரியவில்லை, சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டு படிக்கிற ரகம். கொஞ்சம் பின்னால் போங்க என்றாள், டிரைவர் போனார், இங்க, நிறுத்துங்க என்றாள், எழுந்து சுவருக்கே போய் விரலை வைத்தாள்.

“கீழ இருக்கறவர் ரெண்டு தடவை தலையைத் தூக்கி மேல பாக்கறாரு. அப்போ மேல இந்த மஞ்சள் துடுப்புக்காரங்க ஏன் இறங்கல? அவங்க என்ன நினைச்சுட்டு இருந்தாங்க?”

மஞ்சள் துடுப்பு. இடது காலில் கறுப்பு டேப் சுற்றியது. இந்த வீடியோவை அவள் எத்தனை தடவை பார்த்திருப்பாள், முப்பது, நாற்பது, கையில் கடிகாரத்தோடு வேறு, ஒரு தடவையாவது மேலே பார்த்தாளா, கண் முழுக்க அவன் மேல்தான், குற்றவாளியைப் பார்க்கிற மாதிரி. படம் சரியாகத்தான் சொல்கிறது, அவன் தலையைத் தூக்குகிறான், மறுபடி குனிகிறான், மறுபடி தூக்குகிறான், மேலே அவள் மரக்கட்டை மாதிரி மிதக்கிறாள். தாளை எடு, எழுது, உனக்கும் மூன்று கட்டம்தானே... பார்த்தது, தம்பி மேலே பார்த்தான், ஆமாம், பார்த்தாள், ஆட்டத்தின்போதே பார்த்தாள். நினைத்தது, கவனம் சிதறுகிறது, இவன் இப்போதெல்லாம் சோம்பேறி ஆகிவிட்டான். செய்தது, எண்ணினாள். அவ்வளவுதான், எண்ணினாள், இருபதுக்கு எத்தனை குறைகிறது என்று பார்க்க, அவன் மேலே வந்ததும் முகத்துக்கு நேரே பதினாலு என்று சொல்வதற்காக. லிஃப்டில் ஆள் சிக்கிக்கொண்டால்கூட முதலில் ஆளை வெளியே எடு, பழுதைப் பிறகு பார் என்றுதானே அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தார்கள்.

“அது நான்தான்” என்றாள். பல் டாக்டர் விரலைச் சுவரிலிருந்து எடுக்க மறந்து நின்றாள். சரி, எல்லாரும் தண்ணிக்குப் போங்க என்று எப்படியோ சொல்லிவிட்டு அவள் முதல் ஆளாக அறையை விட்டு வெளியே வந்தாள், துணி மாற்றுகிற இடத்துக்குப் போகும் வழியில் பெஞ்சில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள், குனிந்த தலையோடு, கடைசியில் வந்தவள் போகவில்லை. அவள்தான் வருவாள் என்று தெரியும். இவள் பையைத் திறந்தாள், தேட வேண்டியிருக்கவில்லை, தாளை எடுத்து நீட்டினாள். தம்பி மனைவி வாங்கி, அங்கேயே நின்று படித்தாள், இரண்டு சொல்லைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும், அவ்வளவு நேரத்துக்கும் மேலே ஆயிற்று, சிவப்பையும் படித்திருப்பாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அழுதிருந்தால்கூட இவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும், திட்டியிருந்தால் இன்னும். நாலாக மடித்துத் துண்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

“எட்டுலயே முடியலையாம் அக்கா, அன்னிக்கு வீட்டுக்கு வந்து சொன்னாரு. அக்கா மேல எண்ணிட்டு இருப்பா, அதான் பதினாலு வரைக்கும் இழுத்துட்டேன்னாரு. பெருமையாத்தான் சொன்னாரு.”

பெருமையாக. அதை ஏன் சொன்னாள், ஆறுதலுக்கா, தண்டனைக்கா... “இதை நீ ஏன் எங்கிட்ட சொல்லல?” என்று கேட்டுவிட்டாள் இவள், கேட்ட பிறகுதான் அது எவ்வளவு பெரிய அபத்தம் என்று உறைத்தது. தம்பி மனைவி தலைமுடியைத் தொப்பிக்குள் திணித்துக்கொண்டே, கோபமும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல் சொன்னாள்.

“நீங்க கேக்கலையே அக்கா.”

சொல்லிவிட்டு, வாங்க, நாம ரெண்டு பேரும்தான் இன்னிக்கு ஜோடி, டிரைவர் போட்டிருக்காரு என்று முன்னால் நடந்தாள். ஜோடியா, இவளோடா, இதற்கும் அந்த மனிதர்தான் கிடைத்தாரா, மாற்றச் சொல்லலாமா, என்ன காரணம் சொல்லி மாற்றுவது, எந்தக் காரணம் சொன்னாலும் சாக்குதானே. துடுப்பை மாட்டினாள், மஞ்சளைப் பார்க்காமல் மாட்டினாள். தண்ணீர் எப்போதும் போல முதலில் குளிர்ந்தது, பிறகு பழகிற்று. விசில் ஊதியதும் அவள்தான் முதலில் இறங்கினாள், வட்டு மட்டையில் பட்டதும் உடம்பு தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது, தள்ளு, திரும்பு, தோளைக் கொடு, காதில் இரைச்சல் அடங்கி அந்தப் பழைய நிசப்தம், நாலு, ஐந்து, எண்ணாதே, எண்ணாமல் இருக்கத் தெரியவில்லையே, ஏழு. வயசாகிவிட்டது, அழுத மூச்சு வேறு, எங்கே அழுதாள், அழவே இல்லையே, பிறகு ஏன் நெஞ்சு இப்படி அடைக்கிறது, எட்டு. எட்டில்தான் அவனுக்கு முடியாமல் போனது. தலையைத் தூக்கினாள். மேலே வெளிச்சம், வெளிச்சத்தின் நடுவில் கறுப்பாக, கையைக் காலை விரித்துக்கொண்டு ஒரு உருவம், முகம் கீழே பார்த்துத்தான் இருக்க வேண்டும், கண்ணாடி மட்டும் பளபளக்கிறது, கண் தெரியவில்லை. இறங்கப் போகிறாளா, எண்ணுகிறாளா, சும்மா பார்க்கிறாளா, இங்கிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி இருக்கிறது. போ, விட்டுவிட்டு மேலே போ, இது வெறும் பயிற்சி, யார் கேட்கப் போகிறார்கள்... ஒன்பது. இன்னும் கொஞ்சம் இருக்கலாம், இருந்துவிட்டுப் போகலாம், அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவள் பார்க்கும்போது எப்படி விடுவது. இதைத்தானே அவனும்... பத்து, பதினொன்று. மறுபடி தலையைத் தூக்கினாள். உருவம் அசைந்த மாதிரி இருந்தது, தண்ணீர்தான் அசைந்ததோ என்னவோ, பன்னிரண்டு.