மெல்ல இழு

பொழுது புலர்வதற்குள் சலவைக்கூடத்தில் ஆவி ஆளை மறைத்துவிடும். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் கொதிநீரில் புரண்டு, உருளையில் நசுங்கி, சுடச்சுட மேசைமேல் வந்து விழும். மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. எதிரெதிரே நின்று வெடுக்கென்று ஓர் இழுப்பு. பிறகு, முறைத்துக்கொண்டிருந்த சம்பந்திகள் சமாதானமானதுபோல நெருங்கி வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும்.

பெரியக்காவுக்கு அந்த இழுப்புத்தான் எமன். விரலில் கிளம்பும் வலி தோளில் ஏறி, முதுகில் இறங்கி, இடுப்பில் குடித்தனம் நடத்தும். இரவெல்லாம் படுத்துக் கிடந்தாலும் அடித்துப் போட்டதுபோலத்தான் எழுந்திருப்பாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், படம் பிடித்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது, அவளைத் தவிர.

எதிர்முனை வாயாடியுடையது. ஊர் வம்பு எதையும் விட்டுவைக்காத அந்த வாய், ஒன்றை மட்டும் வெளியே விடவில்லை. பல மாதமாக அவள் இழுப்பதே இல்லை. தோளை மட்டும் ஆட்டிவிட்டுத் துணியை மெல்ல விடுவாள். அப்படி மடித்த துணியில் நடுவே ஒரு சுருக்கம் நிற்கும். ஒரு மேசைத் துணி மட்டும் சுருங்கினால் பெரியக்கா மாட்டிக்கொள்வாளே என்று பக்கத்து மேசைக்காரிகளும் மெல்ல இழுத்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. கூடம் முழுக்கச் சுருக்கம் பரவிவிட்டது.

ஆஸ்பத்திரிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். முதலாளி யோசித்தார். அவர் யோசித்தால் யாருக்காவது வேலை கூடும். 'துணிச் சுருக்கத்துக்கு மனச் சுருக்கமே காரணம்' என்று கண்டுபிடித்து, ஒரு சிரிப்பு மாஸ்டரைக் கூட்டி வந்தார். விடியலில், ஆவிக்கு நடுவே, எல்லோரும் கையை உயர்த்தி 'ஹா ஹா' என்று சிரிக்க வேண்டும். சிரிக்கிற நேரத்தை மாலையில் வேலையாகக் கொடுத்துவிட வேண்டும்.

பெரியக்காவின் கை தோளுக்குமேல் ஏறவில்லை.

"அங்க ஒரு கெட்ட அதிர்வு நிக்குது," என்றார் மாஸ்டர்.

முதலாளி வந்தார். "ஏம்மா, நம்ம கம்பெனி டாக்டர் சொல்லிட்டாரு. உடம்புல ஒண்ணுமில்லயாம். எல்லாம் மனசாம்."

"வலிக்குதுங்க."

"மனசுல வலிச்சா கையில ஏன் துணி சுருங்குது?"

"கோவம் உங்க மனசுலதானே வருது?" என்றாள் வாயாடி. "மூஞ்சி ஏன் சிவக்குது?"

சிரிப்பு மாஸ்டர் சிரித்துவிட்டார். அவர் தொழிலில் அன்றைக்குத்தான் முதன்முதலாக நிஜமாகச் சிரித்தார்.

"இன்னியோட வேலைய விட்டு நின்னுக்க!" முதலாளி பெரியக்காவிடம் பாய்ந்தார். "மனசு சரியில்லாததுங்கள வெச்சுக்க இது என்ன சத்திரமா?"

 பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னதில் பாதியைத்தான் பெரியக்கா வாயாடியிடம்கூடச் சொல்லியிருந்தாள். மீதிப் பாதியைச் சொன்னால் வேலை போகும் என்று பயந்திருந்தாள். இப்போது வேலையே போய்விட்டது. இனி எதற்குப் பயம்?

"சோதனையில தெரியாத ஒடம்பு வலி நோவு இது. ஃபைப்ரோமயால்ஜியான்னு பேரு," என்றாள். "மனச்சோர்வும் இருக்கு. அதுக்கும் மாத்திரை சாப்பிடறேன். ரெண்டும் நெஜம். வலி தூக்கத்தத் தின்னுது. தூங்காத மனசு இருண்டுபோவுது. மனசு இருண்டா வலி ரெட்டிப்பாகுது. நீங்க இப்பப் போட்ட சத்தம் இருக்கே, ராத்திரி அதுவும் என் தோள்ல வந்து ஒக்காரும்."

"பாத்தீங்களா, அவளே ஒத்துக்கிட்டா!" முதலாளி கையைத் தட்டினார். "யாராச்சும் அந்த முனையப் பிடிங்க. வேலை நடக்கட்டும்."

வாயாடி மேசையிலிருந்த விரிப்பில் தன் இரண்டு முனைகளை எடுத்துக்கொண்டு நின்றாள். எதிர் முனைகள் தரையில் கிடந்தன. ஒருத்தியும் அசையவில்லை.

"நாதியத்துப் போச்சா இங்க?" முதலாளியே குனிந்து முனைகளைப் பற்றி வெடுக்கென்று இழுத்தார். வாயாடி வழக்கம்போல மெல்ல விட்டாள். முதலாளி பின்னால் போய், இன்னும் வெளுக்காத ஆஸ்பத்திரி விரிப்புக் குவியலில் பொத்தென்று அமர்ந்தார். அது எந்த வார்டுக் குவியல் என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை.

"எல்லாரையும் வெளிய தள்ளுவேன்! நாளைக்கே வேற ஆளு வரும்!"

"வரட்டும், முதலாளி. அவங்களுக்கும் தோள் இருக்குமில்ல?" என்றாள் உருளைக்காரி. "அக்கா இங்கதான் இருக்கும். இழுக்காத வேலையா குடுங்க. கத்தாம குடுங்க. அதுவரைக்கும் நாங்க மடிக்கல."

மேசைக்கு மேசை விரிப்புகள் தொய்ந்து நின்றன. யாரும் இழுக்கவில்லை, யாரும் கீழே போடவுமில்லை. முதலாளி பின்பக்கத்தைத் துடைத்துக்கொண்டே, அடியாட்களையோ போலீஸையோ கூப்பிடப் போனார். உருளை சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

பெரியக்கா குனிந்து தன் இரண்டு முனைகளை எடுத்துக்கொண்டாள். தோள் வலித்தது. கழுத்து வலித்தது. நாளை என்னவென்று யாருக்கும் தெரியாது.

எதிர்முனையில் ஆள் இருந்தது.