அப்பா சமைச்சது

என் மனைவியின் அக்கா போன் செய்தபோது நான் ஆஸ்பத்திரியின் கிருமிநீக்க அறையில் இருந்தேன். அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, தட்டில் அடுக்கி, துணியில் சுற்றி, நீராவிப் பெட்டியில் வைத்து எடுப்பது என் வேலை. ஒவ்வொரு பொதியிலும் ஓர் ஒட்டுப்பட்டை உண்டு. நீராவி சரியாகப் பட்டிருந்தால் பட்டையின் கோடுகள் கறுக்கும். ஒரே ஒரு பொதியில் கறுக்காவிட்டாலும் அந்த லோடு முழுவதும் திரும்ப வரவேண்டும். வாசலில் டாக்டர் நின்று கத்தினாலும் சரி.

"யோவ், போனை எடுய்யா. அது கத்தியே செத்துடும் போல," என்றார் சூப்பர்வைசர்.

கையுறையைக் கழற்றிவிட்டு எடுத்தேன்.

"தம்பி, வாலு காலைல என்ன சாப்பிட்டா?"

"சமைச்சேன் அக்கா. சாப்பிட்டா."

"நீங்களா?"

"ம்."

"தினமுமா?"

"தினமும்."

அது பொய். யோசித்துச் சொல்லவில்லை. பேச்சு முடியட்டும் என்று சொன்னேன்.

"அப்ப சனிக்கிழமை வர்றேன். மதியம் உங்க கைச் சாப்பாடு. அடுத்த வாரத்தோட வருஷம் முடியுது. ஞாபகம் இருக்குல்ல?"

இருந்தது. மனைவி இறந்த அன்று நானே அவரிடம் சொன்னேன். "ஒரு வருஷம் பாக்குறேன் அக்கா. என்னால ஆகலைன்னா வாலுவை நீங்க கூட்டிட்டுப் போங்க." யாரும் என்னைக் கேட்கவில்லை. அன்று யார் எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். யாரும் கேட்காததால் நானே எடுத்துக் கொடுத்தேன்.

வாலு என் மகள். ஆறு வயது. ஜன்னல் கம்பியில் ஏறித் தலைகீழாகத் தொங்கிய நாட்களில் அவள் அம்மா வைத்த பட்டப்பெயர். இப்போது அவள் எதிலும் ஏறுவதில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதல் மாதம் சமைத்துப் பார்த்தேன். மனைவியின் கைப்பட எழுதிய நோட்டு இருந்தது. அளவு பிசகாமல் செய்தேன். வாலு ஒரு வாய் வைத்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைப்பாள். "அம்மா செஞ்சது மாதிரி இல்ல." அழமாட்டாள். தகவல் சொல்வதுபோலச் சொல்வாள். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போவாள். மூன்று கிலோ எடை குறைந்தாள்.

ஒருநாள் டூட்டி முடிந்து வரும்போது சூப்பர்மார்க்கெட்டில் ஒரு தட்டு வாங்கினேன். மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி, உறைந்து கிடக்கும் சாப்பாடு. சோறு, கோழி, கேரட், பட்டாணி. தாளில் நாலு துளை போட்டு, ஐந்து நிமிடம் சூடாக்கினால் போதும். வாலு முழுத் தட்டையும் சாப்பிட்டாள். நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை. அந்தச் சாப்பாடு யாரைப் போலவும் இருக்க முயலவில்லை. அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். மறுநாள் பத்துத் தட்டு வாங்கினேன். பதினோரு மாதமாக வாங்குகிறேன்.

இதை அக்காவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் ஒரு தொழிற்சாலை கேன்டீனை நடத்துபவர். ஒரு வேளைக்கு முந்நூறு பேருக்குச் சோறு போடுகிறவர். தட்டுகளைப் பார்த்தால், "என்னால ஆகல" என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார் என்று தோன்றியது.

சனிக்கிழமை காலை ஆறு தட்டுகளைச் சூடாக்கிப் பிரித்தேன். சோறு ஒரு சட்டியில். கோழி ஒரு சட்டியில். காய் ஒரு சட்டியில். பட்டாணியையும் கேரட்டையும் கரண்டியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தேன். மூன்றையும் அடுப்பில் ஏற்றி அடி லேசாகப் பிடிக்கவிட்டேன். காலித் தட்டுகளைக் கறுப்புப் பையில் கட்டி, மாடிப்படி இறங்கி, தெருமுனைத் தொட்டியில் போட்டேன். வீட்டுத் தொட்டியில் போடவில்லை.

திரும்பி வந்தபோது வாலு சமையலறை வாசலில் நின்றாள்.

"பெரியம்மா கேட்டா, அப்பா சமைச்சதுன்னு சொல்லு."

"பொய்யா?"

"இன்னிக்கு மட்டும்."

"எத்தனை கேள்விக்கு?"

"ஒண்ணு ரெண்டு கேப்பாங்க."

அவள் சட்டிகளைப் பார்த்தாள். "சொல்லலைன்னா நான் அவங்க வீட்டுக்குப் போகணுமா?"

வீட்டில் இருந்தபடி நான் அக்காவோடு போனில் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "கை கழுவிட்டு வா," என்றேன்.

அக்கா பன்னிரண்டரைக்கு வந்தார். கையில் ஒரு பை; வாலுவுக்கு இரண்டு சட்டை, ஒரு வண்ணப் பென்சில் பெட்டி. செருப்பைக் கழற்றும்போதே மூக்கை உயர்த்தினார்.

"சமைச்ச வீடு மாதிரி வாசனையே இல்லையே தம்பி?"

"ஜன்னலைத் திறந்து வச்சிருந்தேன்."

"அதுசரி. ஆஸ்பத்திரிக்காரர் வீடு."

மேஜையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் பரிமாறினேன். அக்கா முதலில் காயைத்தான் எடுத்தார். கரண்டியை ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். வாயில் போட்டார். மெதுவாக மென்றார்.

"கேரட்டெல்லாம் ஒண்ணுபோல இருக்கே. ஸ்கேல் வச்சு வெட்டினீங்களா?"

"வேலைப் பழக்கம்."

"எவ்வளவு நேரமாச்சு வெட்ட?"

"அரை மணி."

"கத்தியிலயா?"

"கத்தியிலதான்."

அவர் என்னை விட்டுவிட்டு வாலுவின் பக்கம் திரும்பினார். குரல் இனித்தது.

"வாலு, அப்பாவா இதெல்லாம் செஞ்சார்?"

"ஆமா."

ஒரு கேள்வி. முடிந்தது என்று நினைத்தேன். அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார். வாலு தொடர்ந்தாள்.

"காலைல சீக்கிரம் எந்திரிப்பார். நான்தான் தோல் சீவுவேன். வெங்காயம் வெட்டும்போது அப்பாவுக்குக் கண்ணுல தண்ணி வரும். நான் ஊதிவிடுவேன்."

இதை நான் சொல்லித் தரவில்லை.

"அப்படியா? கை கிய் வெட்டிக்கலையே?"

"ஒருநாள் வெட்டிக்கிட்டார். இந்த விரல். ரத்தம் வந்துச்சு. நான் துணி கட்டினேன்."

அவள் என் கையைத் தொட்டுக் காட்டினாள். விரலில் ஒரு கீறல்கூட இல்லை. நான் கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். அவள் குரலில் தடுமாற்றம் இல்லை. கண்ணும் இமைக்கவில்லை. ஒரே ஒரு சின்ன விஷயம்: கரண்டியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"சாப்பாடு எப்படி இருக்கு செல்லம்?"

வாலு என்னைப் பார்த்தாள். அக்காவைப் பார்க்கவில்லை.

"அம்மா செஞ்சது மாதிரியே இருக்கு."

அக்கா புடவைத் தலைப்பை எடுத்து மூக்கைத் துடைத்தார். அவர் கண்கள் நிறைந்திருந்தன. தங்கையை நினைத்திருப்பார். பிரிட்ஜின் உறுமல் மட்டும் கேட்டது.

நான் ஜெயித்துவிட்டேன் என்று தெரிந்தது. இனி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். சோறு சாப்பிட்டு முடித்து, நாலு வார்த்தை பேசிவிட்டு, அவர் போய்விடுவார். வாலு என்னோடு இருப்பாள். ஒரு வருஷமாக ஒரு தடவைகூட விட்டுக்கொடுக்காத அந்த 'அம்மா செஞ்சது மாதிரி'யை அவள் இப்போது எடுத்துக் கொடுத்திருந்தாள். எனக்காக. ஆறு தட்டுச் சாப்பாட்டுக்காக.

ஒரு பொதி கறுக்கவில்லை. லோடு முழுவதும் திரும்ப வரவேண்டும்.

"அக்கா, இது நான் சமைச்சதில்ல."

அவர் தலைப்பைக் கீழே விடவில்லை.

"கடையில வாங்கினது. பிரிச்சுச் சட்டியில கொட்டினேன். இன்னிக்கு மட்டுமில்ல. பதினோரு மாசமா இதுதான். விரல்ல வெட்டு, வெங்காயம், எதுவுமே நடக்கல. அவளை நான்தான் பொய் சொல்லச் சொன்னேன்."

"அப்பா!" வாலு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நான் சரியாத்தானே சொன்னேன்? நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே?"

"நீ ஒண்ணும் தப்பாச் சொல்லல."

அவள் அதைக் கேட்கவில்லை. தட்டை இரண்டு கையாலும் பக்கத்தில் இழுத்தாள். சாப்பிடத் தொடங்கினாள். கரண்டியைப் போட்டுவிட்டுக் கையால் அள்ளினாள். சோறு, கோழி, கேரட், எல்லாம் ஒன்றாக. மெல்லவில்லை. ஒரு கவளம் உள்ளே இருக்கும்போதே அடுத்ததைத் திணித்தாள்.

"நான் சாப்பிடுறேன் பெரியம்மா. பாருங்க. நல்லாச் சாப்பிடுறேன்."

கன்னம் இரண்டும் உப்பின. முகம் சிவந்தது. மூச்சு இழுக்கும் சத்தம் மாறியது. நான் எழுவதற்குள் அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு அவள் அருகில் போய்விட்டார். ஒரு கையால் முதுகைத் தாங்கி, மறு கையை அவள் மோவாய்க்குக் கீழே குவித்தார்.

"துப்பு. துப்புடி தங்கம். இங்கயே துப்பு."

வாலு துப்பினாள். அக்காவின் உள்ளங்கை நிரம்பியது. பட்டாணி ஒன்று உருண்டு தரையில் விழுந்தது. வாலு இருமினாள், மறுபடி இருமினாள், பிறகு மூச்சு ஒழுங்காக வந்தது. அக்கா கையை அப்படியே ஏந்தியபடி நின்றார்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க சோத்தையே சோத்துல மறைச்சிருக்கீங்க."

நான் குனிந்து தரையில் கிடந்த பட்டாணியை எடுத்தேன்.

"பொட்டலத்துச் சோறு தின்னா பிள்ளை செத்துப்போயிடுமா? நான் முந்நூறு பேருக்குப் போடுறேனே, அந்தக் கேரட்டை எங்கம்மாவா வெட்டுறாங்க? பத்துக் கிலோ மூட்டையில வருது. இதே மிஷின் வெட்டு. முதல் கரண்டியிலயே தெரிஞ்சுபோச்சு எனக்கு."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் அவளைக் கேட்டீங்களா?"

அவர் உள்ளங்கையில் இருந்ததைத் தன் தட்டில் கொட்டினார்.

"வெட்டிக்கலையேன்னு கேட்டீங்க. எப்படி இருக்குன்னு கேட்டீங்க. அவ பொய் சொல்றான்னு தெரிஞ்சே ஒவ்வொண்ணாக் கேட்டீங்க."

"எவ்வளவு தூரம் போவான்னு பாத்தேன்." அவர் குரல் இறங்கியது. "அவ்வளவு தூரம் போவான்னு நெனைக்கல."

அவர் கழுவுதொட்டிக்குப் போய்க் கையைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார். திரும்பாமலேயே சொன்னார்: "பெரியவங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு குழந்தையைச் சாட்சிக் கூண்டுல ஏத்தியிருக்கோம் தம்பி. நீங்க முன்னால இழுத்தீங்க. நான் பின்னால தள்ளினேன்."

"அக்கா, அன்னிக்கு ஒரு வாக்குக் குடுத்தேன்."

"ம்."

"அதைத் திரும்ப வாங்கிக்கிறேன்."

அவர் திரும்பினார். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"என்னால ஆகுதா ஆகலையான்னு இனிமே பாக்கப் போறதில்ல. இவளை அனுப்ப மாட்டேன். எனக்கு இவ வேணும்."

இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வாலுவிடமும்தான். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

"குடுத்த வாக்கைத் திரும்ப வாங்குறது என்ன, கடையில சட்டை மாத்துற மாதிரியா?" என்றார் அக்கா. கோபம் இருந்தது. அது போகவில்லை. ஆனால் மேஜைக்கு வந்து வாலுவின் முன்னால் குனிந்து உட்கார்ந்தார். "நீ சொல்லு. என்கூட வர்றியா? எங்க வீட்ல ரெண்டு அண்ணன் இருக்காங்க. நல்லாச் சாப்பிடலாம்."

வாலு என்னைப் பார்த்தாள். முகத்தில் கேள்வி இருந்தது: என்ன சொல்லணும்?

"நான் எதுவும் சொல்லித் தரமாட்டேன்," என்றேன். "உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு."

அவள் போகிறேன் என்று சொன்னால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. நேரம் போனது. அவள் சட்டையில் ஒட்டியிருந்த பருக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"இங்கயே இருக்கேன்," என்றாள். "ஆனா அப்பாமேல கோவம்."

"வேற?"

"உங்கமேலயும்."

"நியாயம்தான்," என்றார் அக்கா.

அவர் நாலு மணிக்குக் கிளம்பினார். மூன்று சட்டிகளையும் அவரே தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போனார்; நான் தடுத்தும் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்பப்ப வருவேன். சொல்லிட்டெல்லாம் வரமாட்டேன்," என்றார்.

"வாங்க அக்கா."

"பொட்டலத்தைப் பொட்டலமாவே வைங்க."

கதவைச் சாத்தினேன். வாலு தன் அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டாள். அன்று என்னோடு பேசவில்லை. சாயங்காலம் தட்டைச் சூடாக்கி, தாளை அவள் கண்ணெதிரே கிழித்து வைத்தேன். பாதி சாப்பிட்டாள். மீதியை என் பக்கம் தள்ளினாள். ஞாயிறும் பேசவில்லை. எனக்காகப் பொய் சொன்னவளை நான் பாதியில் விட்டுவிட்டேன். அவள் கணக்கில் அது அப்படித்தான் இருக்கும்.

திங்கள் காலை பள்ளிக்கூட ஷூவைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"இறுக்கிக் கட்டு. ஓடணும்."

மண்டியிட்டுக் கட்டினேன்.