இரண்டாம் பாகத்தின் முடிவு

நாலாம் மாடியிலிருந்து லிஃப்ட் மெக்கானிக்கைப் படி வழியாகத்தான் இறக்கினார்கள். லிஃப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவனே பார்த்துப் பார்த்து வைத்திருந்த லிஃப்ட். ஆனால் நாலு பேர் நிற்கலாமே தவிர ஒருவர் படுக்க முடியாது. "நேரா நிறுத்தி வச்சு இறக்கிடலாமே" என்று கீழ்வீட்டுக்காரர் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். தூக்கியவர்கள் திருப்பத்துக்குத் திருப்பம் "மெதுவா, மெதுவா" என்றார்கள். அவனுடைய அக்கா, தம்பியின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள். அதை எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

எல்லாம் முடிந்து, மதியம் அவள் மட்டும் அறைக்குத் திரும்பினாள். நேற்றுக் காலை வேலைக்கு வராதவனைத் தேடி வந்து, கதவைத் திறந்து பார்த்தவன் அவனோடு வேலை செய்யும் மெக்கானிக். தூக்கத்திலேயே போய்விட்டான் என்றார் டாக்டர். அந்த மெக்கானிக் சாவியை அவள் கையில் கொடுத்தான்.

"ஒரு ஆஸ்பத்திரியில லிஃப்ட் நின்னுடுச்சாம்க்கா. அவன் இருந்தா அவன்தான் போயிருப்பான்" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு தட்டு. டம்ளர் மட்டும் இரண்டு இருந்தன. இரண்டாவது டம்ளரில் ஸ்க்ரூக்களைப் போட்டு வைத்திருந்தான். சுவரில் ஒரு பழைய சினிமாப் படத்தின் போஸ்டர் வெளுத்துப் போயிருந்தது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்து, ஒரே வாரத்தில் தியேட்டரை விட்டு ஓடிப்போன விண்வெளிப் படம். கடைசிக் காட்சியில், கப்பலைக் காப்பாற்ற இறங்கிய மெக்கானிக் ஒருவன் ஆளில்லாத நிலையத்தில் மாட்டிக்கொள்வான். கதவு மூடும், கப்பல் கிளம்பும், படம் முடிந்துவிடும். அக்காவும் கூடப் போயிருந்தாள். தம்பி தியேட்டர் வாசலிலேயே சண்டைக்கு நின்றான்.

"எந்தக் கதவுக்கும் உள்ளேருந்து கையால திறக்க ஒரு வழி இருக்கும்க்கா. அவன் மெக்கானிக்கு, அது தெரியாமலா இருப்பான்? சாகல அவன். ரெண்டாம் பாகம் இருக்கு."

இரண்டாம் பாகத்தை யாரும் எடுக்கவில்லை. மூன்று வருஷமாக அவனே சொல்லிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு டாண் என்று போன் வரும். "எப்படி இருக்கே, சாப்டியா" இரண்டும் முடிந்ததும் கதை ஆரம்பித்துவிடும். அக்கா வேறு ஊரில் தனியாக இருந்து பள்ளிச் சீருடை தைப்பவள். போனை ஸ்பீக்கரில் போட்டு மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டுத் தைப்பாள். அவன் மூச்சு விடுகிற இடத்தில் "ம்" என்பாள். நாற்பத்தைந்து வயதாகிறது, கல்யாணம் காட்சி இல்லை, ஆகாயத்தில் கதை கட்டிக்கொண்டிருக்கிறானே என்று சில நாள் எரிச்சல்கூட வரும்.

கதவு தட்டப்பட்டது. தடித்த கண்ணாடி போட்ட ஒருவர், தோளில் பையோடு நின்றார்.

"அண்ணன் வீடுதானே? நேத்து போன் பண்ணினேன். கூட வேலை செய்யறவர் எடுத்து விஷயத்தைச் சொன்னார். பஸ்ஸுலயே ஆறு மணி நேரம். முகத்தைப் பார்த்துடலாம்னு..." காலிக் கட்டிலைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "நேர்ல பார்த்ததே இல்லைங்கக்கா."

அக்கா ஸ்க்ரூக்களைத் தரையில் கொட்டி, டம்ளரைக் கழுவித் தண்ணீர் கொடுத்தாள். அவர் ஒரே மூச்சில் குடித்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவராம்.

"அந்தப் படத்துக்குன்னு போன்ல ஒரு குரூப் வச்சிருக்கோம். மொத்தம் பதினோரு பேர். உலகத்துலயே அந்தப் படத்தை ஞாபகம் வச்சிருக்கறது நாங்கதான்னு நினைக்கிறேன். அண்ணன் அதுலதான் கதையைப் போடுவார். நாப்பத்தோரு தவணை போட்டாச்சு, முடிவு மட்டும் பாக்கி." போனை நீட்டினார். தம்பி எழுதியிருந்தான்: முடிவு தயார். ஞாயிற்றுக்கிழமை அக்காகிட்ட சொல்லிட்டுப் போடறேன். அவ சரின்னாதான் சரி.

"சொன்னாராக்கா?"

அக்கா காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். சொன்னான். முந்தாநாள் முக்கால் மணி நேரம் சொன்னான். இவள் நாற்பது பாவாடைக்கு இடுப்புப் பட்டி தைத்துக்கொண்டிருந்தாள், திங்கட்கிழமை கொடுக்க வேண்டியவை. அவன் முடித்ததும் "நல்லா இருக்குடா" என்றாள். "நிஜமாவா?" என்று கேட்டான். "நிஜமாத்தான்" என்று அடித்துச் சொன்னாள். இப்போது அந்த முடிவு உலகத்தில் இவள் ஒருத்தியிடம்தான் இருக்க வேண்டும். தலைக்குள் எங்கே தேடினாலும் மெஷின் ஓடும் சத்தம்தான் கேட்டது.

"அவன்... வீட்டுக்கு வந்துடுவான்" என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்லைங்கக்கா. திரும்பி வர வழியே கிடையாதுன்னு அண்ணன் ஒன்பதாவது தவணையிலேயே எழுதிட்டார்."

வாத்தியாரிடம் மாட்டிய பிள்ளை மாதிரி அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் கேக்கலைங்க. மூணு வருஷமா ஒண்ணையும் கேக்கல. போனை வச்சுட்டு நான் பாட்டுக்குத் தைப்பேன். சும்மா ‘ம்’ கொட்டுவேன். என்னை நம்பிச் சொல்லிட்டுப் போயிட்டான்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு, "தையல் மெஷினா அது?" என்றார்.

"எது?"

"கதையில பூமியில ஒரு பொம்பளை வராங்கக்கா. வாரத்துக்கு ஒரு தரம் அவன் ரேடியோவுல பேசுவான். இங்கேருந்து ‘ம்’னு மட்டும்தான் பதில் போகும். பின்னாடி எப்பவும் ஒரு மெஷின் ஓடும். என்ன மெஷினுன்னு நாங்க மண்டையை உடைச்சுக்கிட்டோம். ஜெனரேட்டர்னு நான் பந்தயமே கட்டினேன். அண்ணன் வாயே திறக்கல." லேசாகச் சிரித்தார். "சத்தத்தை வச்சே அவன் கண்டுபிடிச்சிடுவான், மெஷினுக்கு எண்ணெய் விட்டு நாளாச்சுன்னு. ஆனா சொல்ல மாட்டான். சொன்னா நிறுத்திடுவாங்க, அவங்க வேலை கெட்டுடும். அவங்க கேக்கறதில்லைன்னும் அவனுக்குத் தெரியும். அந்தப் பக்கம் ஆள் இருக்காங்களே, அது போதும்னு இருப்பான்."

காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவர் சுவரிலிருந்த போஸ்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அவன் முடிவு சொல்றப்போ நடுவுல நூல் அறுந்துடுச்சு" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "மெஷின் நின்னுச்சு. உடனே ‘நூல் அறுந்துடுச்சாக்கா?’ன்னான். ஆமாடான்னேன். ‘கோத்துக்கோ, அவசரமில்ல. நான் இருக்கேன்’னான். முழுசாக் காதுல விழுந்தது அது ஒண்ணுதான்."

"இதையே முடிவாப் போட்டுடட்டுமாக்கா?"

"வேண்டாம்." கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள். "அது கதையில்ல. நான் கேக்கலைன்னே போடுங்க."

அவர் தலையை ஆட்டினார். ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வழியனுப்ப அக்காவும் வெளியே வந்தாள். லிஃப்ட் வந்து நின்று, கதவு சத்தமே இல்லாமல் திறந்தது.

"அண்ணன் கை பட்டதா?" என்று கேட்டார்.

"ஆமா."

அவர் உள்ளே போகாமல் ஒரு நிமிஷம் நின்றார். கதவின் ஓரத்தை விரலால் தொட்டுவிட்டு ஏறிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், தன் ஊரில், அக்கா தையல் மெஷினின் தலையைச் சாய்த்து அடியில் சேர்ந்திருந்த நூல் பிசிறுகளை எடுத்தாள். எண்ணெய்க் குப்பியிலிருந்து துளைக்கு ஒரு சொட்டாக விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றினாள். துணி வைக்காமல் சிறிது நேரம் ஓட்டிப் பார்த்தாள். இத்தனை நாள் இருந்த கரகரப்பு போய்விட்டிருந்தது.

நாலு மணிக்கு மிதிப்பலகையிலிருந்து காலை எடுத்தாள். மெஷின் நின்றது. போன் வழக்கமான இடத்தில் கிடந்தது. தைக்க வேண்டிய சட்டைகள் மடியில் இருந்தன.

முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் ஊசியில் நூலைக் கோத்தாள்.